பியர்டட் டிராகன் சாப்பிட ஆரம்பித்தது இப்படித்தான்

புதிதாக வந்த எங்கள் வளர்ப்புப் பல்லியான பியர்டட் டிராகன் நான்கு நாட்கள் எதையுமே தொடவில்லை. தாடி (தொண்டையில் உள்ள முள்முள்ளான தோல்) கறுத்துப்போய், ஓயாமல் தொட்டியின் கண்ணாடியைச் சுரண்டிக்கொண்டிருந்தது. பார்க்கவே மனசு கஷ்டமாக இருந்தது.

தொட்டியின் மேல்பக்கம், விளக்குக்கு அருகில் ஒட்டியிருந்த வெப்பமானி 40 டிகிரி செல்சியஸ் காட்டியது. அதை நம்பியதுதான் தப்பு. பல்லி படுக்கும் கல்லின் மேல் டிஜிட்டல் வெப்பமானியின் முனையை வைத்துப் பார்த்தால் வெறும் 31! ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலத்துப் பல்லி இது. உடம்பு சூடேறினால்தான் இரை செரிக்கும். கல்லை உயர்த்தி 40க்குக் கொண்டுவந்தேன். தொட்டியின் மறுபக்கம் 26-லேயே இருந்தது. சூடு போதுமென்றால் ஒதுங்க அந்த இடம் கட்டாயம் வேண்டும்.

அப்புறம் யுவிபி என்ற புற ஊதாக் கதிர் தரும் குழல்விளக்கு. கண்ணாடி மூடிக்கு மேலே வைத்திருந்தேன். கண்ணாடி அந்தக் கதிரைப் பெரும்பாலும் தடுத்துவிடும். உள்ளே மாற்றினேன். தன் பிம்பத்தைப் பார்த்து மிரளாதபடி மூன்று பக்கமும் வெளியே தாள் ஒட்டினேன். ஒரு வாரம் கையில் எடுக்கவே இல்லை. எனக்கு அதுதான் ரொம்பக் கஷ்டம்.

மாற்றிய மூன்றாம் நாள் கால்சியம் தூள் தூவிய வெட்டுக்கிளி ஒன்றைப் பாய்ந்து பிடித்தது. தாடியும் வெளுத்துவிட்டது. மிச்சமாகும் பூச்சிகளை மட்டும் இரவுக்கு முன் எடுத்துவிடுகிறேன். சிள்வண்டுகள் தூங்கும் பல்லியைக் கடிக்கும்.