லியோன் போகிறீர்களா? கடிகாரத்தைப் பார்த்துச் சாப்பிடுங்கள்

பிரான்சின் லியோன் நகரத்தில் நான்கு வருடம் இருந்தேன். இப்போது இல்லை. ஆனாலும் யாராவது அந்தப் பக்கம் போவதென்றால் முதல் போன் எனக்குத்தான் வரும்: "எங்க சாப்பிடலாம்?" கடைப் பெயர் கேட்கிறார்கள். நான் நேரம் சொல்கிறேன். லியோனில் எந்தக் கடை என்பதைவிட எந்தக் கிழமை, எத்தனை மணி என்பதில்தான் சாப்பாடு அமைவதும் கெடுவதும் இருக்கிறது. முதல்முறை போகிறவர்களுக்காக, வரிசையாக, மூன்று நாள் கணக்கில் எழுதுகிறேன்.

படி 1: கிழமையைத் தேர்ந்தெடுங்கள்

வியாழன் இரவு போய்ச் சேருங்கள், ஞாயிறு மாலை கிளம்புங்கள். பாரிஸிலிருந்து அதிவேக ரயிலில் இரண்டு மணி நேரம்தான். ஞாயிறு இரவும் திங்களும் ஊரில் பல உணவகங்கள் மூடிக் கிடக்கும். ஆகஸ்டில் வாரக்கணக்கில் மூடிவிட்டு முதலாளியே கடற்கரைக்குப் போய்விடுவார். விமான டிக்கெட் மலிவு என்று ஆகஸ்ட் நடுவில் போய்விட்டு என்னைத் திட்டாதீர்கள்.

அடுத்து மணி. மதியச் சாப்பாடு 12 முதல் 2 வரை. இரவுச் சாப்பாடு ஏழு, ஏழரைக்குத்தான் தொடங்கும். நடுவில் அடுப்பு அணைந்துவிடும். நான் போன முதல் நாள் இது தெரியாமல் இரண்டரை மணிக்கு ஒரு கடை வாசலில் நின்றேன். உள்ளே நான்கு மேசைகளில் ஆட்கள் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள், வெண்ணெயில் வெங்காயம் வதங்கிய வாசனை தெருவரை வந்தது. "சமையலறை மூடியாயிற்று" என்று சிரித்த முகத்தோடு சொல்லி அனுப்பிவிட்டார்கள். உணவுத் தலைநகரம் என்று பேர் வாங்கிய ஊரில் என் முதல் சாப்பாடு, ரயில் நிலையத்தில் பிளாஸ்டிக் உறையைப் பிய்த்துத் தின்ற ஒரு சாண்ட்விச்.

படி 2: ஒரு 'பூஷோன்' பதிவு செய்யுங்கள்

லியோனுக்கே உரிய சின்ன உணவகத்துக்குப் பூஷோன் என்று பெயர். நெருக்கமான மேசைகள், கட்டம் போட்ட துணி, பன்றி, குடல், ஈரல் என்று எதையும் வீணாக்காத சமையல். இந்த ஊர் பட்டு நெசவாளர்களின் ஊர். 'கனு' என்று அவர்களை அழைப்பார்கள். விடியலிலிருந்து தறியில் உட்கார்ந்தவர்கள் காலை ஒன்பது மணி வாக்கில் இறங்கி வந்து இறைச்சியும் ஒயினுமாக ஒரு பிடி பிடிப்பார்கள். அந்தக் காலைச் சாப்பாட்டுக்கு 'மாஷோன்' என்று பெயர். இன்றும் சில பூஷோன்களில், முன்பதிவு செய்தால், மாஷோன் கிடைக்கும். காலை ஒன்பது மணிக்குக் குடலும் ஒயினுமா என்று முகம் சுளிக்கிறவர்கள் ஞாயிறு காலை ஆட்டுக்கால் பாயாவுக்கு வரிசையில் நின்றதை நினைத்துப் பாருங்கள்.

பழைய லியோன் பகுதியின் கல் பதித்த தெருக்களில் அடிக்கு ஒரு பலகை 'பூஷோன்' என்று தொங்கும். எல்லாம் அசல் இல்லை. 2012 முதல் 'லே பூஷோன் லியோனே' என்று ஒரு தரச்சான்று இருக்கிறது, வாசல் பலகையில் பார்க்கலாம். அது இல்லாத நல்ல கடைகளும் உண்டு. என் அளவுகோல் எளிது: நான்கு மொழியில், போட்டோ போட்ட பட்டியல் வெளியே இருந்தால் நடையைக் கட்டுங்கள். பெரும்பாலும் ரோன், சோன் என்ற இரண்டு ஆறுகளுக்கும் நடுவில் இருக்கிற பிரெஸ்கில் பகுதியில்தான் நான் சாப்பிட்டேன். வெள்ளி, சனி இரவுக்கு ஒரு வாரம் முன்னாலேயே இடம் பிடித்துவிடுங்கள்.

இந்த ஊர்ச் சமையலின் பெயரைத் தூக்கி நிறுத்தியவர்கள் பெண்கள். பணக்கார வீடுகளில் சமைத்துக்கொண்டிருந்தவர்கள் வெளியே வந்து சொந்தமாகக் கடை போட்டார்கள், ஊர் அவர்களை 'அம்மா' என்று அர்த்தம் வரும் 'மேர்' என்ற சொல்லால் அழைத்தது. அவர்களில் எஜெனி பிராசியே 1933-இல் தன் இரண்டு உணவகங்களுக்கும், மிஷ்லான் என்ற உணவக வழிகாட்டியின் நட்சத்திரம் தலா மூன்று வாங்கினார். ஆறு நட்சத்திரம் எட்டிய முதல் ஆள் அவர்தான்.

படி 3: பட்டியலைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

உள்ளே நுழைந்ததும் 'போன்ஜூர்', மாலையென்றால் 'போன்சுவார்'. இதைச் சொல்லாமல் நேராகக் கேள்வியில் இறங்கினால் பரிமாறுகிறவரின் முகம் மாறிவிடும்.

பிறகு மூன்று சொற்கள். 'மெனு' என்றால் நாம் நினைக்கும் பட்டியல் இல்லை, முதல் உணவு, முக்கிய உணவு, இனிப்பு என்று ஒரே விலைக்கு வரும் முழுச் சாப்பாடு. பட்டியலுக்குப் பெயர் 'கார்த்'. 'ஆந்த்ரே' என்பது தொடக்க உணவு, 'பிளா' என்பதுதான் முக்கிய உணவு. மதியம் சாப்பிட்டால் அதே சமையலறைச் சாப்பாடு இரவைவிட மலிவு, அதனால் பெரிய சாப்பாட்டை மதியத்துக்கு வையுங்கள்.

தண்ணீர் வேண்டுமென்றால் 'யூன் கராஃப் தோ' என்று கேளுங்கள், குழாய்த் தண்ணீர் கூஜாவில் இலவசமாக வரும். வெறுமனே தண்ணீர் என்றால் பாட்டில் வந்து பில்லில் ஏறும். சேவைக் கட்டணம் விலையிலேயே அடக்கம். திருப்தியாக இருந்தால் ஒன்றிரண்டு யூரோ நாணயம் விட்டுவிட்டு வாருங்கள், போதும். பில் தானாக வராது. இரண்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் யாரும் விரட்ட மாட்டார்கள், நீங்கள்தான் 'லாதிசியோன்' என்று கேட்க வேண்டும்.

படி 4: என்ன ஆர்டர் சொல்வது?

முதல்முறை என்றால் தொடக்கத்துக்கு லியோன் சாலட். கசப்புக் கீரை, வறுத்த பன்றிக்கொழுப்புத் துண்டு, ரொட்டித் துண்டு, மேலே பொரிக்காமல் வெந்நீரில் வேகவைத்த முட்டை. மஞ்சள் கருவை உடைத்துவிட்டு எல்லாவற்றையும் கிளறிச் சாப்பிட வேண்டும், அழகு பார்த்துக்கொண்டிருந்தால் ஆறிவிடும்.

முக்கிய உணவுக்குக் 'கெனெல்'. பைக் என்ற ஆற்று மீனின் சதையை மாவு, முட்டை, வெண்ணெயோடு அடித்து, கொழுக்கட்டை போல உருட்டி வேகவைத்து, நண்டு வகையறாவான நன்னீர் இறால் சாஸில் அடுப்பில் வைத்து ஊத வைப்பார்கள். மேசைக்கு வரும்போது இரண்டு மடங்காகப் பொங்கி, ஓரத்தில் சாஸ் கொதித்துக்கொண்டிருக்கும். கரண்டியால் தொட்டால் இட்லியைவிட மெதுவாக உடையும். காரம் துளியும் இல்லை. முதல் வாயில் ஊறுகாய் தேடும், மூன்றாவது வாயில் மறந்துவிடும்.

இனி துணிந்தவர்களுக்கு. 'தப்லியே த சப்பர்' என்பது மாட்டின் வயிற்றுச் சுவரை ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்தது. வீட்டில் போட்டிக் கறி சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு இது சொந்தக்காரர் வீடு மாதிரி. என்னோடு வந்த பாரிஸ்காரர்கள் தொடவே தயங்கிய தட்டை நான் காலி செய்திருக்கிறேன். ஆனால் 'ஆந்தூயெட்' வேறு கதை. சாதாரண சாசேஜ் என்று நினைத்து வாங்கினேன். கத்தி பட்டதும் உள்ளே சுருட்டி வைத்த குடல் விரிந்தது, கூடவே அந்த வாசனையும். குடலைக் கழுவிப் பழகியவர்களுக்குத் தெரியும், கழுவுவதற்கு முந்தைய வாசனை அது. இதற்கென்றே ரசிகர் சங்கம் இருக்கிறது, தேறியவற்றுக்கு ஐந்து 'ஏ' முத்திரை கொடுக்கிறார்கள். எனக்கு ஒரு 'ஏ' போதும்.

சைவமா? கஷ்டம்தான், ஆனால் பட்டினி இல்லை. 'செர்வெல் த கனு' என்றால் நேர் அர்த்தம் நெசவாளியின் மூளை. பயப்படாதீர்கள், பூண்டு, மூலிகை கலந்த புதுப் பாலாடைக்கட்டிதான், நம் தயிர்ப்பச்சடிக்குத் தூரத்து உறவு. பாலாடைக்கட்டி உள்ளே வைத்த குட்டி மாவுப் பொட்டலமான 'ரவியோல்', மீன் போடாத கெனெல், க்ரீம் ஊற்றிச் சுட்ட உருளைக்கிழங்கு கிராத்தான் எல்லாம் கிடைக்கும். பன்றிக்கொழுப்பு எதில் வேண்டுமானாலும் ஒளிந்திருக்கும், 'சான் லார்தோன்' என்று சொல்லிவிடுங்கள். கெனெல் மீன் இல்லாததாக இருந்தாலும் சாஸில் இறால் இருக்கிறதா என்று கேளுங்கள்.

இனிப்புக்கு பிரலீன் டார்ட். சர்க்கரை பூசிய பாதாமைக் க்ரீமில் கரைத்து ஊற்றியது, கண்ணைப் பறிக்கும் சிவப்பு. ஒரு துண்டை இரண்டு பேர் பங்கிடுங்கள்.

படி 5: ஒயின் கேட்பது எப்படி

லியோனில் மூன்று ஆறு ஓடுகிறது என்பது ஊர்க்காரர்களின் பழைய நகைச்சுவை: ரோன், சோன், போஜொலே. மூன்றாவது, வடக்கே இருக்கும் திராட்சை மலைகளின் சிவப்பு ஒயின்.

பூஷோனில் பாட்டில் வாங்க வேண்டியதில்லை. 'அன் போ' என்று கேளுங்கள். தமிழ்க் காதுக்குப் பரிமாறுகிறவரை விரட்டுவது போலத்தான் இருக்கும், முதல் தடவை சொல்லிவிட்டு நானே சிரித்தேன். 'போ' என்பது 46 சென்டிலிட்டர் பிடிக்கும், அடிப்பாகம் கனத்த கண்ணாடிக் குடுவை. அந்தக் கனத்தால் மேசை இடித்தாலும் சாயாது. மூன்று கிளாஸ் தாராளமாக வரும், இரண்டு பேருக்குச் சரி.

போஜொலே என்றதும் பலருக்கு நவம்பர் மூன்றாவது வியாழக்கிழமை வெளிவரும் இளம் ஒயின் மட்டும்தான் ஞாபகம் வரும். அது கொண்டாட்டத்துக்கு. நிதானமாகக் குடிக்க, பத்து கிராமப் பகுதிகளின் பெயரில் வருவதைக் கேளுங்கள். பூ வாசனையோடு லேசாக வேண்டுமா, ஃப்ளூரி. கொஞ்சம் அழுத்தம் வேண்டுமா, மோர்கோன். எல்லாமே கமே என்ற ஒரே திராட்சைதான், மண்தான் வேறு. சிவப்பு ஒயின் என்றாலும் இதை லேசாகக் குளிர்ச்சியோடு தருவார்கள், ஆறிப்போனதைக் கொடுத்துவிட்டார்கள் என்று சண்டை போடாதீர்கள். கெனெலுக்கு மட்டும் மாக்கோன் பக்கத்து வெள்ளை ஒயின்.

குடிக்காதவர்கள் கூஜாத் தண்ணீரோடு உட்காரலாம், யாரும் ஒரு கேள்வி கேட்க மாட்டார்கள்.

படி 6: வெள்ளிக்கிழமை ரயில் ஏறுங்கள்

வந்தவர்களில் பாதிப் பேர் இதைத் தவறவிடுகிறார்கள். திராட்சைத் தோட்டம் பார்க்கக் கார் வேண்டும் என்று நினைத்துவிடுகிறார்கள். குடித்துவிட்டு யார் ஓட்டுவது? லியோனின் பார்தியூ நிலையத்தில் தெற்கே போகும் வட்டார ரயிலில் ஏறினால் சுமார் ஒரு மணி நேரத்தில் 'தான் லெர்மிதாஜ்' என்ற ஊர் வந்துவிடும். நிலையத்தை விட்டு வெளியே வந்து நிமிர்ந்தால், ஊரின் முதுகில் சாய்ந்தபடி எர்மிதாஜ் மலை. படிப்படியாகக் கல் சுவர் கட்டி, ஒவ்வொரு கொடிக்கும் ஒரு கம்பு நட்டிருப்பார்கள். நீலகிரித் தேயிலைச் சரிவு நினைவுக்கு வரும், ஆனால் இங்கே பாறையும் வெயிலும்.

முதலில் மலை ஏறுங்கள், பிறகு குடியுங்கள். உச்சியில் ஒரு சின்னக் கல் தேவாலயம், கீழே ரோன் ஆறு ஒரு வளைவு எடுப்பது முழுதாகத் தெரியும். இறங்கி வந்தால் பெரிய ஒயின் தயாரிப்பாளர்களின் சுவைக்கூடங்கள் நடக்கும் தூரத்தில்தான். சின்னத் தயாரிப்பாளர்களிடம் போக முன்னாலேயே நேரம் வாங்க வேண்டும்.

சுவைக்கும்போது கிளாஸின் தண்டைப் பிடியுங்கள். ஒரு சுற்று சுற்றி, மூக்கை உள்ளே விட்டு முகருங்கள். சிரா திராட்சையின் ஒயினில் மிளகு வாசனை வரும், நம் மூக்கு அதைச் சட்டென்று கண்டுபிடித்துவிடும். நான்கைந்து வகை ஊற்றுவார்கள், அதனால் கொஞ்சம் வாயில் வைத்துச் சுழற்றிவிட்டு அங்கே இருக்கும் பாத்திரத்தில் துப்பலாம். அநாகரிகம் என்று கூச்சப்பட்டு எல்லாவற்றையும் விழுங்கினேன் ஒருமுறை. திரும்பும் ரயிலில் லியோன் தாண்டி ஏதோ ஒரு ஊரில் கண் விழித்தேன்.

இந்த மலையின் எர்மிதாஜ் ஒயின் விலை அதிகம். அதைச் சுவைத்துப் பாருங்கள், வாங்குவதற்குக் குரோஸ் எர்மிதாஜ் அல்லது சேன் ஜோசஃப். அதே சிரா, விலை நிதானம். மிச்ச நேரம் இருந்தால் அதே ஊரில்தான் வல்ரோனா சாக்லேட் நிறுவனத்தின் அருங்காட்சியகம், பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு அது வரப்பிரசாதம்.

படி 7: சனி, ஞாயிறு காலைகள்

சனி காலை குருவா ரூஸ் மேட்டுக்குப் போங்கள். நெசவாளர் குடியிருந்த மேடு, தறி உயரத்துக்காக வீட்டுக் கூரையெல்லாம் உயர்த்திக் கட்டியது. அங்கே நீளச் சந்தை கூடும். காய், பழம், ரொட்டி வாங்கி மதியத்தை லேசாக முடியுங்கள், இரவு பூஷோன் காத்திருக்கிறது.

ஞாயிறு பத்து மணிக்குள் பார்தியூவில் இருக்கும் 'லே ஆல் போல் போகூஸ்' அங்காடி. 2018-இல் மறைந்த சமையல் கலைஞர் போல் போகூஸின் பெயர் வைத்த கூரைச் சந்தை. திங்களன்று பெரும்பாலும் மூடியிருக்கும், ஞாயிறு மதியத்துக்கு மேல் கடை கட்டத் தொடங்கிவிடுவார்கள். ஊர்க்காரர்கள் ஞாயிறு காலை இங்கே நின்றபடி சிப்பியும் குளிர்ந்த வெள்ளை ஒயினும் சாப்பிடுவார்கள். ஆறு சிப்பியும் ஒரு கிளாஸும் சொல்லுங்கள், எலுமிச்சை மட்டும் பிழியுங்கள்.

கிளம்பும் முன் 'சேன் மார்சலான்' பாலாடைக்கட்டி. உள்ளங்கைக்குள் அடங்கும் வட்டம். "எப்போது சாப்பிடுவீர்கள்?" என்று கடைக்காரம்மா கேட்பார். இன்றிரவு என்றால் வழிந்தோடும் பதத்தில் ஒன்று, மூன்று நாள் கழித்து என்றால் கொஞ்சம் கெட்டியாக ஒன்று எடுத்துக் கொடுப்பார். இன்றிரவு என்று சொல்லி வாங்கிவிட்டால், ரயிலில் பையை உங்கள் இருக்கைக்கு மேலேயே வையுங்கள். வாசனை பிடித்துப் பக்கத்துப் பெட்டிக்காரர் தேடி வர இடம் கொடுக்காதீர்கள்.