விலங்கியல் வீடியோவை வகுப்பில் காட்டும் முன்னால் நம் ஊர் காட்டுமாட்டைத் தேடிப் பாருங்கள்

ஒரு இணையதளத்தையோ யூடியூப் சேனலையோ நம்பி வகுப்பில் காட்டலாமா என்று சந்தேகம் வந்தால், நடத்தப்போகும் பாடத்தை நான் முதலில் தேடுவதில்லை. கோத்தகிரியில் எங்கள் பிள்ளைகள் பள்ளிக்கு வரும் வழியில் தேயிலைத் தோட்டத்துக்குள் பார்க்கிற காட்டுமாட்டைப் பற்றி அங்கே என்ன போட்டிருக்கிறார்கள் என்றுதான் பார்ப்பேன். ஊரில் காட்டெருமை என்பார்கள், டூரிஸ்ட் வண்டி ஓட்டுபவர்கள் பைசன் என்பார்கள், இரண்டுமே குழப்பும் பெயர்கள். அது எருமையும் இல்லை, அமெரிக்க பைசனும் இல்லை; அறிவியல் பெயர் போஸ் காரஸ், நம் வீட்டு மாட்டின் பேரினம். முழங்காலுக்குக் கீழே வெள்ளை சாக்ஸ் போட்ட மாதிரி இருக்கும். அதற்குப் பதிலாகத் தாடியும் சடையுமாக அமெரிக்க விலங்கின் படம் இருந்தால் உடனே மூடிவிடுங்கள். நமக்குத் தெரிந்த விலங்கிலேயே தப்பு என்றால், நாம் பார்த்தே இராத ஆக்டோபஸைப் பற்றி அவர்கள் சொல்வதை எப்படி நம்புவது?

பாம்பு வீடியோ என்றால் இன்னும் கவனம் வேண்டும். சாரையும் நல்லபாம்பும் இணைசேர்கின்றன என்று தலைப்பு வைத்த வீடியோக்களுக்குக் கணக்கே இல்லை. சத்தத்தை நிறுத்திவிட்டு ஒரு தடவை பாருங்கள். இரண்டும் உடம்பை முறுக்கிக்கொண்டு எழும்பும், ஒன்று மற்றதன் தலையைத் தரையோடு அழுத்தப் பார்க்கும், படமெடுத்த தலை ஒன்றுகூடத் தெரியாது. ஏனென்றால் இரண்டுமே சாரை, இரண்டுமே ஆண், நடப்பது சண்டை. பின்னணிக் குரல் சொல்வதையும் கண்ணுக்குத் தெரிவதையும் இப்படித் தனித்தனியாகப் பார்க்கப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள், சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள். அப்புறம், எல்லாப் பாம்பும் முட்டையிடும் என்று எழுதிய பக்கமும் வேண்டாம். கண்ணாடி விரியன் குட்டி போடும், இந்த மலை மண்ணுக்குள் வாழும் கேடயவால் பாம்புகளும் குட்டிதான் போடும்.

சரியான தகவலாக இருந்தும் நம் பாடத்துக்குப் பொருந்தாமல் போவதும் உண்டு, எனக்கு அதிகம் வலித்தது இதுதான். பிளஸ் ஒன் மண்புழுப் பாடத்துக்கு அருமையான ஒரு அனிமேஷன் காட்டினேன், தேர்வில் பாதி வகுப்பு கிளைடெல்லம் (மண்புழு உடம்பில் பட்டை போலத் தடித்திருக்கும் பகுதி) 14 முதல் 16ஆவது கண்டம் வரை என்று எழுதி மதிப்பெண்ணை விட்டது. அந்த வீடியோவில் இருந்தது ஃபெரிடிமா என்ற வேறு மண்புழு, அதற்கு அது சரி. நம் மாநிலப் பாடநூலில் இருப்பது லாம்பிட்டோ மாரிட்டி, அதற்கு 14 முதல் 17 வரை. மண்புழு, தவளை என்று பொதுப்பெயர் மட்டும் சொல்லி எந்த இனம் என்று சொல்லாத வீடியோவைப் பாடநூலைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டுதான் பார்க்க வேண்டும்.

பக்கம் எவ்வளவு பழையது என்று தெரிய வரையாட்டைத் தேடலாம். அதன் அறிவியல் பெயர் ஹெமிட்ராகஸ் என்று இருந்தால் அதை எழுதி நாளாகிவிட்டது. 2005இல் அதைத் தனிப் பேரினமாகப் பிரித்து நீலகிரிட்ராகஸ் ஆக்கிவிட்டார்கள். பூச்சிப் படம் என்றால் கால்களை எண்ணுங்கள். ஆறும் மார்புப் பகுதியிலிருந்து கிளம்ப வேண்டும், ஏஐ வரைந்த படங்களில் வயிற்றிலிருந்தும் கால் முளைத்திருப்பதைப் பார்க்கலாம்.

நம் பகுதி உயிரினங்களின் நிஜப் படங்களுக்கு நான் போவது ஐநேச்சுரலிஸ்ட், பார்த்த உயிரினங்களை யாரும் பதிவுசெய்து அடையாளம் காணும் இணையதளம். அங்கே ரிசர்ச் கிரேடு என்று இருந்தால், தேதியும் இடமும் படமோ ஒலிப்பதிவோ இருந்து, குறைந்தது இரண்டு பேர் ஒரே பெயரைச் சொல்லியிருக்கிறார்கள் என்று அர்த்தம். தப்பே வராது என்று சொல்ல முடியாது, ஆனால் யார் என்ன காரணம் சொல்லி அடையாளம் கண்டார்கள் என்பதைக் கீழேயே படிக்கலாம். எனக்கு அதுதான் பெரிது. படத்தை எடுத்துப் பயன்படுத்தும் முன் உரிமம் என்ன என்று பார்த்துவிடுங்கள்.

தேர்ந்தெடுத்ததைக் கடைசி நொடி வரை நீங்கள் ஒரு முறை ஓட்டிப் பார்த்து, டவுன்லோடு செய்ய அனுமதி இருந்தால் பென்டிரைவில் ஏற்றிக்கொள்ளுங்கள். ஜூலை மழையில் இங்கே சிக்னல் போனால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது.