கம்பஸ் போகப்போற தம்பி தங்கச்சிமாருக்கு: கிரெடிட், ஜிபிஏ, மெடிக்கல், குப்பி எல்லாம் என்ன?

ஏ.எல் முடிச்சு இசட் ஸ்கோரும் (கம்பஸுக்கு எடுக்கிறதுக்கு பார்க்கிற புள்ளி) வந்து இப்ப பதிவு கடிதத்துக்காக பார்த்துக்கொண்டிருக்கிற ஆக்களுக்குத்தான் இது. முதல் வருசம் நோட்டீஸ் போர்ட்ல ஒட்டியிருக்கிறதுல பாதிச்சொல்லு எனக்கு விளங்கேல்ல, சீனியர்மார ஒவ்வொருத்தரா பிடிச்சு கேட்டுக்கேட்டுத்தான் எல்லாம் பிடிபட்டது. அந்த ஓட்டம் உங்களுக்கு வேணாம் எண்டுதான் ஒழுங்கா எழுதி வைக்கிறன்.

முதல்ல கட் ஓஃப், அதாவது ஒரு பாடநெறிக்கு எடுபடுறதுக்கு வேண்டிய ஆகக்குறைஞ்ச இசட் ஸ்கோர். கொழும்புல இருக்கிற மச்சானுக்கு அந்த ஸ்கோருக்கு கிடைக்கேல்ல, எனக்கு எப்பிடி கிடைக்கும் எண்டு குழம்பாதீங்க. பெரும்பாலான பாடநெறிக்கு 40 வீதம் அகில இலங்கை மெரிட், 55 வீதம் மாவட்ட ஒதுக்கீடு, மிச்சம் 5 வீதம் கல்வியில பின்தங்கின மாவட்டங்களுக்கு, அதுல எங்கட திருகோணமலையும் ஒண்டு. அதால நீங்க பார்க்க வேண்டியது எங்கட மாவட்டத்து கட் ஓஃப் மட்டும்தான்.

அடுத்தது ஹான்ட்புக், அதாவது பீடத்துட சட்டதிட்டம் எல்லாம் இருக்கிற மாணவர் கைநூல். பீடத்துல தருவாங்க, இல்லாட்டி வெப்சைட்ல பிடிஎஃப் இருக்கும், அத போன்ல இறக்கி வச்சுக்கொள்ளுங்க. சீனியர் சொன்னார், குரூப்ல வந்தது எண்டு எதையும் நம்பி முடிவெடுக்கிறதுக்கு முதல் அதுல ஒருக்கா பாருங்க, ஏனெண்டா சட்டதிட்டம் பீடத்துக்கு பீடம் மாறும். யாரிட்ட போறது எண்டதும் அதுலயே இருக்கும்: பாடம் சம்பந்தமா துறைத் தலைவர், அவருக்கு மேல பீடாதிபதி, பதிவு, கடிதம் எண்டா உதவிப் பதிவாளர், அவரத்தான் எல்லாரும் ஏஆர் எண்டு சொல்லுவாங்க. கோணேசபுரியில இருக்கிற எங்கட வளாகம் கிழக்குப் பல்கலைக்கழகத்துட திருகோணமலை வளாகம், அதுக்குப் பொறுப்பா றெக்டர் இருக்கிறார், முழுப் பல்கலைக்கழகத்துக்குமான துணைவேந்தர் இருக்கிறது வந்தாறுமூலையில.

இனி கிரெடிட், அதாவது ஒரு பாடம் எவ்வளவு பெரிசு எண்டு காட்டுற அளவு. ஒரு கிரெடிட் எண்டா சாதாரணமா 15 மணித்தியால விரிவுரை, ஒரு செமஸ்டர் 15 கிழமை, அப்ப 3 கிரெடிட் பாடம் எண்டா கிழமைக்கு 3 மணித்தியாலம் டைம்டேபிள்ல நிக்கும். பிரக்டிகல் எண்டா ஒரு கிரெடிட்டுக்கு கூட நேரம் போகும். 3 வருச டிகிரிக்கு குறைஞ்சது 90, 4 வருச ஹொனர்ஸுக்கு 120 கிரெடிட் வேணும்.

இப்ப ஜிபிஏ, அதாவது உங்கட கிரேடுகள்ட சராசரிப் புள்ளி. இதுலதான் எல்லாரும் மாட்டுப்படுற, அதால இத ஆறுதலா பாருங்க. ஒவ்வொரு கிரேடுக்கும் ஒரு புள்ளி இருக்கு. ஏ 4.0, ஏ மைனஸ் 3.7, பி பிளஸ் 3.3, பி 3.0, பி மைனஸ் 2.7, சி பிளஸ் 2.3, சி 2.0. இந்த புள்ளிகள கூட்டி பாடங்கள்ட எண்ணிக்கையால பிரிச்சா ஜிபிஏ வராது. ஒவ்வொரு புள்ளியையும் அந்தப் பாடத்துட கிரெடிட்டால பெருக்கி, எல்லாத்தையும் கூட்டி, மொத்த கிரெடிட்டால பிரிக்கணும்.

ஒரு செமஸ்டர்ல நாலு பாடம் எண்டு வைப்பம். 1 கிரெடிட்ல ஏ, அது 4. 2 கிரெடிட்ல ஏ மைனஸ், 7.4. 3 கிரெடிட்ல பி, 9. இன்னொரு 3 கிரெடிட்ல சி, 6. கூட்டினா 26.4, மொத்தம் 9 கிரெடிட், பிரிச்சா 2.93. சும்மா சராசரி எடுத்திருந்தா 3.18 எண்டு வந்து மனசுல ஒரு கிளாஸ் கிடைச்ச மாதிரி இருக்கும், ஏனெண்டா செகண்ட் லோவர் பொதுவா 3.00ல தொடங்குது, செகண்ட் அப்பர் 3.30, ஃபர்ஸ்ட் கிளாஸ் 3.70. அந்த 3 கிரெடிட் பாடத்துல வந்த சி கிரேடுதான் கீழ இழுத்தது. அதால நேரம் குறைவா இருக்கேக்க 3 கிரெடிட் பாடத்தத்தான் முதல் பிடிங்க, 1 கிரெடிட் அசைன்மென்ட்டுக்கு இரவிரவா கவர் டிசைன் பண்ணிக்கொண்டு இருக்காதீங்க!

கணக்குப் பார்க்க ஜிபிஏ ஆப் வேணாம். கனக்க ஆப்ல ஏ மைனஸுக்கு 3.67 எண்டு இருக்கும், அது எங்கட அளவு இல்ல. கூகுள் ஷீட்ல மூண்டு நிரல் போடுங்க, பாடம், கிரெடிட், புள்ளி, நாலாவதுல ரெண்டையும் பெருக்குங்க, அவ்வளவுதான். செமஸ்டருக்கு செமஸ்டர் கீழ சேர்த்துக்கொண்டு போனா முழு டிகிரிக்கும் அந்த ஒரு ஷீட் காணும்.

ரிப்பீட், மெடிக்கல் ரெண்டும் ஒண்டில்ல. பெயிலாகி திரும்ப எழுதினா ரிப்பீட், அதுல நீங்க எவ்வளவு நல்லா எழுதினாலும் பெரும்பாலும் சி கிரேடுக்கு மேல தரமாட்டாங்க. எக்ஸாம் அண்டைக்கு உண்மையா வருத்தமெண்டா மெடிக்கல், அதாவது டொக்டர்ட சேர்ட்டிஃபிகேட் குடுக்கணும், அத ஏத்துக்கொண்டா அடுத்த முறை எழுதுறது முதல் தடவையாவே கணக்கு, ஏ எடுத்தா ஏதான். ஆனா அதுக்கு காலக்கெடு இருக்கு, யாரிட்ட எடுத்த சேர்ட்டிஃபிகேட் செல்லும் எண்டும் ஹான்ட்புக்ல இருக்கும். காய்ச்சலோட படுத்திருந்தாலும் வீட்டாக்கள் மூலமாவது உடன அறிவியுங்க. அதோட வரவு 80 வீதத்துக்கு குறைஞ்சா எக்ஸாமுக்கே விடாம நிப்பாட்டலாம், மூதூர், கிண்ணியாவுல இருந்து தினமும் பஸ்ல வாற ஆக்கள் இதுல கவனம்.

குப்பி எண்டா எக்ஸாமுக்கு முதல் சீனியரோ உங்கட பட்ச்ல கெட்டிக்காரரோ இருந்து படிப்பிக்கிறது. காசில்ல, கட்டாயம் போங்க. மஹாபொல, பேசரி ரெண்டும் மாசாந்த உதவிப்பணம், திருப்பிக் கட்டத் தேவையில்ல. ரெண்டுக்கும் வீட்டு வருமானம் பார்ப்பாங்க, அதால கிராம சேவகர்ட கடிதத்த முதலே எடுத்து வைங்க.

பகிடிவதைய பழக்கம், பட்ச் ஒற்றுமை எண்டு ஆரும் சொன்னா நம்பாதீங்க. 1998ஆம் ஆண்டு 20ஆம் இலக்க சட்டப்படி அது குற்றம். மாணவர் ஆலோசகரிட்ட சொல்லுங்க, வீட்டிலயும் மறைக்காதீங்க.

பிறகு சேர்த்தது: மூதூர்ல இருந்து ஒரு தங்கச்சி, ஷீட்ல போட்ட ஜிபிஏயும் ரிசல்ட் ஷீட்டுல இருக்கிறதும் ஒத்துவரேல்ல எண்டு கேட்டிருந்தா. பார்த்தா அவ இங்கிலீஷ் பாடத்தையும் சேர்த்திருக்கிறா. சில பாடம் நொன் ஜிபிஏ, பாஸ் பண்ணியே ஆகணும், இல்லாட்டி டிகிரி தரமாட்டாங்க, ஆனா ஜிபிஏ கணக்குல வராது. ஹான்ட்புக்ல அந்தப் பாடத்துக்குப் பக்கத்துல குறிச்சிருப்பாங்க. ஷீட்ல அந்த வரிய வேற கலர்ல போட்டு கூட்டுத்தொகைக்கு வெளிய வைங்க.