மேல்நிலை வகுப்பில் புவியியல்: வரைபடத்திலிருந்து தொடங்குங்கள்

புவியியலை மனப்பாடப் பாடமாக எண்ணுபவர்களுக்கே அது சுமையாகிறது. ஆகவே நிலவரைபட நூலை அருகில் விரித்து வைத்துக்கொண்டு, பாடத்தில் வரும் ஒவ்வோர் இடப்பெயரையும் அதில் கண்ட பின்னரே அடுத்த பத்திக்குச் செல்லுங்கள்.

செய்முறைத் தேர்வில் பலர் தடுமாறுவது நிலத்தோற்ற வரைபடத்தில்தான். 1:50,000 அளவையில் 2 செ.மீ. என்பது தரையில் 1 கி.மீ. ஆகும். ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சமஉயரக் கோடுகள் நெருங்கியிருந்தால் சரிவு செங்குத்தானது, விலகியிருந்தால் மென்மையானது. கோடுகள் 'வி' வடிவில் வளையுமிடத்தில் கூர்முனை உயரமான பக்கத்தை நோக்கினால் அது பள்ளத்தாக்கு. இந்த விதியைப் படித்து மறப்பதைவிட, வரைபடத்தின் குறுக்கே ஒரு காகித விளிம்பை வைத்து, கோடுகள் அதைத் தொடும் இடங்களையும் அவற்றின் உயரங்களையும் குறித்துக்கொண்டு, வரைகட்டத் தாளில் குறுக்குவெட்டுத் தோற்றத்தை வரைந்து பார்ப்பது மேல். நாலைந்து முறை வரைந்தால் கண் தானே பழகிவிடும். வண்ணப்பென்சில் அலங்காரத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

காலநிலைப் பாடத்தில் காரணத் தொடரே முக்கியம். கடலோரத்தில் இருந்தும் தென் அமெரிக்காவின் அட்டகாமா பாலைவனம் ஏன் வறண்டிருக்கிறது என்று கேட்டு, குளிர்ந்த ஹம்போல்ட் நீரோட்டம், ஆண்டிஸ் மலையின் மழைமறைவு, துணை வெப்பமண்டல உயர் அழுத்தம் ஆகிய மூன்றையும் அம்புக்குறிகளால் இணைத்து ஒரு சிறு படமாக வரையுங்கள்.

நேரக் கணக்கு எளிது: தீர்க்கரேகையில் 15 பாகைக்கு 1 மணி, கிழக்கே கூட்ட வேண்டும், மேற்கே கழிக்க வேண்டும்.