டைனிங் சேருக்குப் புதுச் சட்டை

எங்கள் வீட்டு டைனிங் சேர்கள் ஆறும் அப்பா காலத்தில் ஆசாரியை வீட்டுக்கே வரவழைத்துச் செய்தவை. தேக்கு அப்படியே இருக்கிறது. ரெக்சின்தான் வெடித்துப்போய், எழுந்திருக்கும்போதெல்லாம் புடவையில் துணுக்கு துணுக்காக ஒட்டிக்கொண்டு வந்தது. கடையில் கேட்டேன். சேரை இறக்கிவிட்டுப் போங்கள் என்றார்கள். எப்போது கிடைக்கும் என்பதற்கு மட்டும் பதில் இல்லை. சரி, நாமே செய்யலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

சேரைக் கவிழ்த்தால் சீட்டை நான்கு ஸ்க்ரூ பிடித்திருப்பது தெரியும். கழற்றும் முன் சீட்டின் அடியிலும் சேரின் சட்டத்திலும் ஒரே எண்ணை எழுதிவிடுங்கள். கையால் போட்ட துளை, சேருக்குச் சேர் மாறும். ஸ்க்ரூவையும் தனித்தனிக் கிண்ணத்தில் போடுங்கள். நான் எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் கொட்டினேன். அதில் நீளமான ஒன்றைத் தெரியாமல் முடுக்க, அது பிளைவுட்டைத் துளைத்து ஸ்பாஞ்சுக்குள் முளைத்துவிட்டது. நல்லவேளை, உட்காரும் முன் கையால் அழுத்திப் பார்த்தேன்.

ரெக்சினைப் பலகையோடு பிடித்திருக்கும் பழைய பின்களைப் பிடுங்குவதுதான் பெரிய வேலை. சப்பை ஸ்க்ரூடிரைவரால் நெம்பி, கொறடால் இழுக்க வேண்டும். பிளைவுட் ஊறி உப்பியிருந்தால் மாற்றிவிடுங்கள்; அதில் பின் நிற்காது.

ஸ்பாஞ்சு ஒன்றரை அங்குலம், 40 டென்சிட்டி வாங்கினேன். இதைவிட மெதுவானது கடையில் சுகமாகத்தான் இருக்கும், சீக்கிரமே அப்பளமாகிவிடும். பிளைவுட்டை அதன்மேல் வைத்துக் கோடு போட்டு, ரொட்டி வெட்டும் கத்தியால் அறுத்தேன். ரப்பர் பசையைப் பிளைவுட், ஸ்பாஞ்சு இரண்டிலும் தடவி, கையில் ஒட்டாத பதத்துக்குக் காய்ந்தபின் வைத்து அழுத்துங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் அடுப்பு எரிய வேண்டாம்.

மேலுறைக்கு மறுபடி ரெக்சின் வேண்டாம் என்று முடிவு செய்தேன். வெயில் காலத்தில் காலோடு ஒட்டும். சாம்பார் சிந்தினால் தெரியாத அடர்பழுப்பில் கோடு போட்ட சோபா துணி எடுத்தேன். சீட் 18 அங்குலம். ஸ்பாஞ்சு, பலகை, அடியில் மடிக்க என்று பக்கத்துக்கு 4 அங்குலம் கூட்டினால் 26. 54 அங்குல அகலத் துணியில் வரிசைக்கு இரண்டு; ஆறு சீட்டுக்கு இரண்டே கால் மீட்டர் போதும்.

துணியைத் தரையில் கவிழ்த்து விரித்து, மேலே சீட்டைக் கவிழ்த்து வையுங்கள். ஆபீஸ் ஸ்டேப்லர் உதவாது. ஸ்டேப்லர் கன்னும் 8 மி.மீ. பின்னும் வேண்டும். ஒவ்வொரு பக்கமும் நடுவில் ஒரு பின். உடனே சீட்டைத் திருப்பிக் கோடு நேராக இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் நடுவிலிருந்து மூலையை நோக்கி, எதிரெதிர்ப் பக்கமாக மாற்றி மாற்றி அடியுங்கள். நான் முதல் சீட்டில் ஒரு பக்கத்தை முழுசாக முடித்துவிட்டுத்தான் எதிர்ப்பக்கம் போனேன். கோடு மொத்தமும் சாய்ந்துவிட்டது.

மூலை கடைசியில். துணியின் நுனியைச் சீட்டின் நடுவை நோக்கி இழுத்து ஒரு பின். இரண்டு பக்கமும் மிஞ்சுவதைப் புடவைக் கொசுவம் மாதிரி சின்னச் சின்னதாக மடித்து அடிக்க வேண்டும். முன்பக்க மூலையில் இரண்டு மடிப்பு வந்தால் போதும், பட்டையாக ஒன்று வந்தால் பிரித்துவிடுங்கள். ஸ்க்ரூ துளைமேல் துணி வராமல் வெட்டிவிட்டு மாட்ட வேண்டியதுதான்.

சாய்ந்த கோட்டுச் சேரைச் சுவர் ஓரமாகப் போட்டிருக்கிறேன். அது என் கணவருடைய இடம். அவர் இன்னும் கவனிக்கவில்லை.