புகையறைக்குள் புயல் சின்னம் வேண்டாம்

பிரெஞ்சிலிருந்து மொழிபெயர்ப்பவர்களுக்கு: புகைபிடிப்பவர்களுக்கென ஒதுக்கிய மூடிய புகையறைகள் பற்றிய பிரான்சின் 2006 ஆணையில் ‘தெப்ரெஸ்யோன்’ என்ற சொல் வரும். அகராதியை நம்பி ‘மனச்சோர்வு’ என்று எழுதிவிடாதீர்கள். ‘காற்றழுத்தத் தாழ்வு’ என்றாலோ திருநெல்வேலியில் குடையைத் தேடுவார்கள். நானே ஒருமுறை தேட வைத்திருக்கிறேன். பக்கத்து அறைகளைவிட அழுத்தம் குறைந்தபட்சம் 5 பாஸ்கல் தாழ்ந்திருக்க வேண்டும் என்பதே பொருள். அல்வாக் கடை அடுப்படியில் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடும்போது கதவிடுக்கு வழியே காற்று உள்ளே இழுபடுமே, அதேதான். புகை வெளியே கசியாது. நான் ‘குறையழுத்தம்’ என்று எழுதுகிறேன். ‘ரெனுவெல்மான் தேர்’ என்பதற்குக் ‘காற்று மாற்றம்’ போதும்: மணிக்குக் குறைந்தபட்சம் அறையின் கன அளவைப்போல் 10 மடங்கு காற்று மாற வேண்டும். புகையறையைக் குறிக்கும் ‘ஃப்யூம்வார்’ மட்டும் கவனம். மீனுக்குப் புகையூட்டும் இடத்துக்கும் அதே பெயர்தான்.