கடலுக்குப் போன பிள்ளைக்குக் கரையிலிருந்து செய்ய வேண்டியவை

இந்தியக் கடற்படையில் இருக்கும் பிள்ளை வெளிநாட்டுக் கடலுக்குப் புறப்படப் போகிறான் என்று தெரிந்ததும் பெற்றோர் முதலில் கேட்பது, எப்போது திரும்புவாய் என்பதைத்தான். அதற்கு அவனுக்கே பெரும்பாலும் விடை தெரியாது. தெரிந்தாலும் சொல்லக் கூடாது. ஆகவே, புறப்படுவதற்கு முன் கிடைக்கும் சில நாள்களை விடை கிடைக்கக்கூடிய கேள்விகளுக்குச் செலவிடுங்கள்.

கப்பலின் பெயர், அவனுடைய பதவி, பெர்சனல் நம்பர் எனப்படும் பணி எண், கப்பலின் சொந்தத் துறைமுகம் மும்பையா விசாகப்பட்டினமா என்ற விவரம், அவசரத்துக்கு அங்கே அழைக்க வேண்டிய தொலைபேசி எண் ஆகியவற்றை அவன் கையாலேயே ஒரு நோட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நெருங்கிய உறவினர் என்று கடற்படை ஆவணத்தில் யாருடைய பெயர் இருக்கிறது, அதனுடன் எந்தக் கைப்பேசி எண் இருக்கிறது என்பதையும் கேளுங்கள். என் மகன் ஒடிசாவில் ஐ.என்.எஸ். சில்காவில் பயிற்சிக்குச் சேர்ந்தபோது கொடுத்திருந்த எண்ணை நாங்கள் மாற்றி இரண்டு ஆண்டுகள் ஆகியும், ஆவணத்தில் பழைய எண்ணே இருந்ததை அவன் முதன்முறையாக வெளிநாட்டுக்குப் புறப்படும் வாரத்தில்தான் கண்டுபிடித்தோம். வங்கிக் கணக்கின் நாமினி, கடன் தவணை, காப்பீட்டுப் பிரீமியம் ஆகியவற்றையும் அப்போதே பேசி முடித்துவிடுங்கள்.

அடுத்தது தொலைபேசி. 2019 டிசம்பரில், உளவு வழக்கொன்றில் மாலுமிகள் சிலர் கைதானதைத் தொடர்ந்து, போர்க்கப்பல்களிலும் தளங்களிலும் ஸ்மார்ட்போனுக்கும் பேஸ்புக்குக்கும் கடற்படை தடை விதித்தது. அது ஒருபுறமிருக்க, நடுக்கடலில் சிக்னல் என்று ஒன்று கிடையாது. எனவே கப்பல் ஒரு துறைமுகத்தைத் தொடும்போதுதான் பெரும்பாலும் அழைப்பு வரும், அதுவும் அறியாத எண்ணிலிருந்து வரும். ஓமானின் சலாலாவிலிருந்து அழைத்தால் எண் 968 என்றும், ஜிபூட்டியிலிருந்து அழைத்தால் 253 என்றும், செஷல்ஸிலிருந்து அழைத்தால் 248 என்றும் தொடங்கும். மோசடி அழைப்புக்குப் பயந்து வெளிநாட்டு எண்களையெல்லாம் தடுத்து வைத்திருக்கும் வீடுகளில், பிள்ளையின் அழைப்பும் அந்தத் தடுப்பிலேயே நின்றுவிடும். தடுப்பை எடுத்துவிட்டு, பேசுவது அவன்தானா என்று உறுதிசெய்துகொள்ள, குடும்பத்துக்கு மட்டும் தெரிந்த ஒரு கேள்வியை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். பையன் விபத்தில் மாட்டிக்கொண்டான், உடனே பணம் அனுப்புங்கள் என்று யாராவது பதற்றமாகப் பேசினால் அந்தக் கேள்வியைக் கேளுங்கள்.

நம் கப்பல்கள் ரோந்து செல்லும், ஏமனுக்கும் சோமாலியாவுக்கும் இடையிலுள்ள ஏடன் வளைகுடா நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. நமக்கு இரவு ஒன்பது என்றால் அங்கே மாலை ஆறரை. ஆனால் கடிகாரக் கணக்கைவிட முக்கியமானது 'வாட்ச்' எனப்படும் பணிமுறைக் கணக்கு. கப்பலில் பணி நான்கு மணி நேர வாட்ச்சுகளாகப் பிரியும் என்பதால், நள்ளிரவு முதல் விடியற்காலை நான்கு வரை நின்றவன் பகலில் தூங்கிக்கொண்டிருக்கலாம். குரல் சோர்ந்திருந்தால் உடம்புக்கு என்னவோ என்று கற்பனையை ஓட விடாதீர்கள். பத்து நிமிடம் கிடைக்கும் அழைப்பில் எட்டு நிமிடம் 'சாப்பிட்டியா', 'மெலிஞ்சுட்டியா' என்றே போய்விடுகிறது என்று கண்டபிறகு, என் மனைவி தொலைபேசிக்குப் பக்கத்தில் காலண்டர் தாளின் பின்புறத்தில் சொல்ல வேண்டியவற்றைக் குறித்து வைக்கத் தொடங்கினாள். 'கருவேப்பிலைச் செடி துளிர்த்தது, தம்பி கணக்கில் 82, தெருவில் புதுக் குழாய்' என்று ஒருமுறை எழுதியிருந்தாள். அவன் அதிகம் கேட்டது அந்தச் செடியைப் பற்றித்தான்.

பிள்ளைக்குக் கல்யாணம் ஆகியிருந்தால் முதல் அழைப்பு மருமகளுக்குத்தான் போகும். அதில் மனத்தாங்கல் கொள்வது நியாயமில்லை. அவளிடம் செய்தி கேட்டுக்கொள்ளுங்கள், அவளுக்கும் உங்கள் துணை தேவைப்படும்.

எதைச் சொல்வது, எதை மறைப்பது என்பதுதான் உண்மையிலேயே கடினமான இடம். என் கருத்து இது: அவனால் அங்கிருந்து ஒன்றும் செய்ய முடியாத சில்லறைத் தகராறுகளைச் சொல்லாதீர்கள், ஆனால் மரணத்தையும் பெரிய நோயையும் மறைக்காதீர்கள். பாட்டி இறந்ததை நான்கு மாதம் மறைத்து, விடுமுறைக்கு வந்தவன் மாலை போட்ட படத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்ட ஒரு வீட்டை எனக்குத் தெரியும். அதன்பிறகு, எல்லாரும் நலம் என்று அவர்கள் எத்தனை முறை சொன்னாலும் அவன் நம்புவதில்லை. அந்தக் காலத்தில் 'தாய் கவலைக்கிடம், உடனே புறப்படவும்' என்று பொய்த் தந்தி கொடுத்து விடுமுறை வாங்கிய குடும்பங்கள் உண்டு. தந்திச் சேவை 2013 ஜூலையில் முடிந்துவிட்டாலும், அந்தப் பழக்கத்தின் மிச்சம் இன்னும் இருக்கிறது, அதைச் செய்யாதீர்கள். உண்மையான அவசரம் வந்தால், மருத்துவமனைச் சான்றைக் கையில் வைத்துக்கொண்டு, நோட்டிலுள்ள எண்ணில் பணி எண்ணையும் கப்பல் பெயரையும் சொல்லிப் பேசுங்கள். நிலத் தகராறு போன்ற உள்ளூர்ப் பிரச்சினை என்றால், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தை அணுகலாம். பெயரில் 'முன்னாள்' என்று இருந்தாலும், பணியில் இருப்பவர்களின் குடும்பத்தினர் கொடுக்கும் மனுக்களையும் அங்கே வாங்குகிறார்கள்.

கடிதம் இன்றைக்கும் பயன்படுகிறது. பதவி, பெயர், பணி எண், கப்பலின் பெயர், பிறகு மும்பை அல்லது விசாகப்பட்டினம் ஃப்ளீட் மெயில் ஆபீஸ் (கடற்படைக் கப்பல்களுக்கான தபால் அலுவலகம்) என்று எழுதினால் போதும்; கப்பல் எங்கே நிற்கிறது என்பதை உறையில் எழுதவே கூடாது. சேர வாரக்கணக்கில் ஆகலாம் என்பதால் முறுக்கு, அதிரசம் போன்றவற்றை அதில் அனுப்பாமல், பருப்புப்பொடியை இரட்டை உறையில் கட்டி, புறப்படும் முன்பே கொடுத்துவிடுங்கள். எண்ணெய் மிதக்கும் ஊறுகாய் கப்பல் ஆட்டத்தில் ஒழுகி, பெட்டியிலுள்ள வெள்ளைச் சீருடையைக் கெடுத்துவிடும்.

கடித உறைக்குச் சொன்ன எச்சரிக்கை வாட்ஸ்அப்புக்கும் பொருந்தும். கப்பல் பெயர், துறைமுகம், தேதி மூன்றையும் உறவினர் குழுவில்கூடப் போடாதீர்கள். பெருமையாகத்தான் இருக்கும், ஆனாலும் வேண்டாம்.

தொலைக்காட்சிச் செய்திதான் வீட்டில் இருப்பவர்களை அதிகம் வாட்டுகிறது. 2008 முதல் ஏடன் வளைகுடாவில் நம் கப்பல்கள் கடற்கொள்ளையருக்கு எதிராக ரோந்து செல்கின்றன. 2024 மார்ச்சில் ஐ.என்.எஸ். கொல்கத்தா சுமார் 40 மணி நேர நடவடிக்கையில் 'ரூயென்' கப்பலை மீட்டு, 35 கொள்ளையரைச் சரணடைய வைத்து, 17 ஊழியர்களைக் காப்பாற்றிய செய்தி வந்தபோது, அந்தப் பக்கம் பிள்ளைகள் இருந்த வீடுகளில் எத்தனை பேர் தூங்கியிருப்பார்கள்! அத்தகைய நாள்களில் அழைப்பு வராமல் போவதுதான் இயல்பு, ஏனென்றால் கப்பல் வேலையில் இருக்கிறது. பிள்ளைக்கு ஏதாவது நேர்ந்தால் கடற்படை ஆவணத்திலுள்ள எண்ணுக்குத்தான் அழைக்குமே தவிர, சேனலின் அடிவரியில் உங்களுக்குச் சொல்லாது. எண் சரியாக இருக்கட்டும் என்று முதலிலேயே சொன்னது இதற்காகத்தான்.

அக்னிவீரராகப் போன பிள்ளை என்றால் இன்னொன்றும் உண்டு. நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு அதிகபட்சம் 25 சதவீதம் பேர்தான் தொடர்வார்கள் என்பது அவனுக்கு நன்றாகவே தெரியும். அப்புறம் என்ன செய்யப் போகிறாய் என்ற கேள்வியைச் சலாலாவிலிருந்து வரும் அழைப்பில் கேட்காமல், விடுமுறைக்கு ஒத்திவையுங்கள். அந்த விடுமுறையும் ஆண்டுக்கு 30 நாள்தான். வந்த முதல் மூன்று நாள் உறவினர் வீட்டு விருந்து, பெண் பார்ப்பது என்று எதையும் வைக்காதீர்கள். விடியற்காலை நான்கு மணிக்கு அவன் தானாக எழுந்து உட்கார்ந்தால், என்னவென்று விசாரிக்காமல் ஒரு டம்ளர் காப்பி போட்டுக் கொடுங்கள்.